பள்ளிக்கூடத்தின் கண்கள்: பிரெஸ்லாவில் தொடங்கிய ஒரு சோதனையின் வரலாறு

பள்ளிச் சிறாரை வரிசையில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச்சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்க வைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் பள்ளி ஆண்டின் ஓர் அங்கமாகிவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள குழந்தையைக் கண்டறிந்து கண்ணாடி வழங்குவதே இதன் நோக்கம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், அன்றைய பிரஷ்ய அரசின் சைலீசிய மாகாணத் தலைநகரும் இன்றைய போலந்தின் விரோட்சுவாஃப் நகரமுமான பிரெஸ்லாவில் இச்சோதனை முதன்முறையாகப் பெரிய அளவில் நடத்தப்பட்டபோது, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது பள்ளிக்கூடமே. கல்விக்கூடம் குழந்தையின் கண்ணைக் கெடுக்கிறதா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. அக்கேள்வி சில தலைமுறைகள் ஒதுக்கி வைக்கப்பட்டதும், பின்னர் ஆசிய நகரங்களின் வகுப்பறைகள் வழியாகத் திரும்பி வந்ததும் மருத்துவ வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒரு திருப்பம்.

கேள்வி கேட்பதற்கு முன் அளவுகோல் தேவைப்பட்டது. உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரில் காண உதவும் விழிநோக்கியை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உருவாக்கினார். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்கோளம் முன்பின்னாக இயல்பைவிட நீண்டுவிடுவதால் நேர்வது என்பதை வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஆர்ல்ட் 1850-களில் உடற்கூற்று ஆய்வால் காட்டினார். கண் நீளும்போது தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது; அதனால் கையிலுள்ள புத்தகம் தெளிவாகவும் கரும்பலகை மங்கலாகவும் தெரிகின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பணியாற்றிய ஃபிரான்ஸ் டொண்டர்ஸ் 1864-இல் வெளியிட்ட பெருநூல் ஒளிவிலகல் குறைகளை, அதாவது கண்ணுக்குள் ஒளி சரியாகக் குவியாத நிலைகளை, முதன்முறையாக ஒழுங்காக வகைப்படுத்தியது. அவருடைய உதவியாளராக இருந்த ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட எழுத்து அட்டைதான், சிறு மாறுதல்களுடன், இன்றும் உலகெங்கும் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு வரியின் எழுத்தும் அதற்குரிய தொலைவிலிருந்து பார்க்கையில் கண்ணில் ஐந்து கலைக் கோணத்தை (ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கை) அமைக்கும்படி வரையப்பட்டிருப்பதால், ஆறு மீட்டரில் படிக்க வேண்டியதை ஆறு மீட்டரில் படிப்பவரின் பார்வை 6/6 என்றும், இயல்பான கண் பன்னிரண்டு மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில்தான் படிக்க முடிபவரின் பார்வை 6/12 என்றும் குறிக்கப்படுகின்றன. மருத்துவர் அல்லாதவரும் சில நிமிடங்களில் செய்யக்கூடிய ஒரு சோதனை இவ்வாறு கைக்கு வந்தது.

படிப்புக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் இதற்கு முன்னரே இருந்தது. இலண்டனின் கண் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வேர் 1813-இல் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரையில், பத்தாயிரம் பேர் கொண்ட காவற்படைப் பிரிவுகளில் இருபது ஆண்டுகளில் கிட்டப்பார்வைக்காக விலக்கப்பட்டவர்கள் ஆறு பேர்கூட இல்லை என்றும், ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கல்லூரியில் மட்டும் 127 பேரில் 32 பேர் கண்ணாடியோ கைவில்லையோ பயன்படுத்தினர் என்றும் குறித்தார். செல்சியில் படைவீரர் பிள்ளைகளுக்கென நடந்த பள்ளியில் 1,300 சிறாரிடையே விசாரித்தபோது, மூன்று பேர் மட்டுமே தொலைவுப் பார்வையில் இடர்ப்பாடு கண்டதாகத் தெரிந்தது. வேர் எவரையும் சோதிக்கவில்லை, கேட்டறிந்ததையே எழுதினார். கண்ணாடி வாங்கும் வசதியும் வழக்கமும் உள்ளவர்கள் கல்லூரியில் இருந்ததே அந்த வேறுபாட்டின் ஒரு பகுதிக்குக் காரணம் என்று எவரும் மறுக்கக்கூடிய கணக்கு அது.

மறுக்க முடியாத கணக்கை அளித்தவர் ஹெர்மன் கோன். பிரெஸ்லாவில் 1838-இல் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த இவர், முதலில் ஹைடெல்பெர்கில் புன்சன், கிர்க்காஃப் ஆகியோரிடம் வேதியியலும் இயற்பியலும் பயின்று, அதன் பிறகே மருத்துவத்துக்கு வந்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத அவருடைய இயல்புக்கு அந்தப் பயிற்சி ஒரு காரணமாக இருக்கலாம். (நெப்போலியன், பிஸ்மார்க் முதலியோரின் வாழ்க்கை வரலாறுகளால் உலகப் புகழ் பெற்ற எமில் லுட்விக் இவருடைய மகன்.) 1865, 1866 ஆகிய ஆண்டுகளில் கோன் பிரெஸ்லாவின் பள்ளிகளிலும், நெசவாளர் கிளர்ச்சியால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் பெயர்பெற்ற லாங்கன்பீலாவ் ஊரின் கிராமப் பள்ளிகளிலுமாக 10,060 சிறாரின் கண்களைச் சோதித்தார். 1867-இல் நூலாக வந்த முடிவுகளின்படி, அவர்களுள் 1,004 பேர், அதாவது நூற்றுக்குப் பத்துப் பேர், கிட்டப்பார்வை உடையவர்கள்.

அந்த மொத்தத் தொகையைவிட அது பிரிந்து நின்ற விதமே கோனின் கண்டுபிடிப்பு. கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை 1.4 விழுக்காடு, நகரத் தொடக்கப் பள்ளிகளில் 6.7, இடைநிலைப் பள்ளிகளில் 10.3, அறிவியலும் நவீன மொழிகளும் கற்பித்த ரெயால்ஷூலெ வகைப் பள்ளிகளில் 19.7, இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்பிய கிம்னாசியம் பள்ளிகளில் 26.2 விழுக்காடு. ஒரே பள்ளிக்குள்ளும் வகுப்பு ஏற ஏற எண்ணிக்கை ஏறியது; கிம்னாசியத்தின் மேல்வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் கிட்டப்பார்வை உடையோராக இருந்தனர். குறைபாட்டின் அளவும், அதாவது அதைத் திருத்தத் தேவைப்படும் வில்லையின் திறனும், வகுப்போடு சேர்ந்தே வளர்ந்தது. பின்னர் பிரெஸ்லாப் பல்கலைக்கழகத்தில் 410 மாணவரைச் சோதித்தபோது விகிதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டை எட்டியது. படிப்பு என்னும் மருந்தை எவ்வளவு உட்கொண்டார்களோ அவ்வளவுக்கு நோய் கூடிற்று என்று சொல்லத்தக்க ஒழுங்கான படிக்கட்டு இது. கல்வியைத் தன் பெருமையாகக் கருதிய பிரஷ்யாவுக்கு இதைவிடச் சங்கடமான அட்டவணை இருந்திருக்க முடியாது.

காரணத்தைத் தேடிய கோன் வகுப்பறையின் தட்டுமுட்டுகளை அளக்கத் தொடங்கினார். சூரிக் நகர மருத்துவர் ஃபாரனர் 1865-இல் பள்ளி மேசையைப் பற்றி எழுதிய நூல் அவருக்கு வழிகாட்டியது. இருக்கையின் முன்விளிம்புக்கும் மேசையின் விளிம்புக்கும் இடையே கிடைமட்டமாக இடைவெளி இருந்தால், எழுதும் குழந்தை முன்னோக்கிச் சாய்ந்து, முதுகைக் கூனி, தாளுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோகும். இருக்கை மேசைக்கு அடியில் சற்றே நுழைந்திருந்தால் நிமிர்ந்து உட்காரும். குழந்தைகளின் உயரத்தையும் அவர்கள் அமர்ந்த பலகைகளையும் ஒப்பிட்ட கோன், இரண்டும் எங்கும் பொருந்தவில்லை என்று கண்டார். தலை குனிவதால் கண்ணில் இரத்தம் தேங்குகிறது, அருகில் நோக்க விழிகள் உள்நோக்கித் திரும்பும்போது புறத்தசைகள் கோளத்தை அழுத்துகின்றன, இவ்விரண்டும் சேர்ந்து கண்ணைப் பின்னோக்கி நீட்டுகின்றன என்பது அக்காலத்து விளக்கம். இவ்விளக்கம் பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் இதை நம்பியதால் நடந்த சீர்திருத்தங்கள் குழந்தைகளின் முதுகுக்காவது நன்மை செய்தன. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் 4,358 மாணவரைச் சோதித்து கோனின் முடிவுகளை உறுதிசெய்த ஃபிரீட்ரிக் எரிஸ்மான் வகுத்த சாய்மேசை, ருஷ்யாவிலும் பின்னர் சோவியத் நாட்டிலும் பல தலைமுறைகளின் பள்ளி நினைவாகவே ஆகிவிட்டது.

மேசைக்கு அடுத்து ஒளி. குறுகிய தெருக்களில், உயர்ந்த கட்டடங்களுக்கு எதிரே, சிறிய சன்னல்களுடன் அமைந்த பள்ளிகளில் கிட்டப்பார்வை மிகுந்திருப்பதாகக் கருதிய கோன், தரையின் ஒவ்வோர் ஐந்து சதுர அடிக்கும் ஒரு சதுர அடி சன்னல் வேண்டும் என்றார். 1880-களில் பிரெஸ்லா இயற்பியலாளர் லியோன்ஹார்ட் வெபர் ஒளிமானி ஒன்றை உருவாக்கியதும், அதைக் கையிலெடுத்துக்கொண்டு கோன் வகுப்பறை வகுப்பறையாக ஒளியை அளந்தார். மாணவர் ஒவ்வொருவரின் இடத்திலும் குறைந்தது 10 மீட்டர்-மெழுகுவத்தி ஒளி விழவேண்டும் என்ற வரம்பை முன்வைத்தார். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள மெழுகுவத்தி தரும் ஒளியே இவ்வலகு; இன்றைய லக்ஸுக்கு ஏறத்தாழ நிகரானது. இன்றைய வகுப்பறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 300 லக்ஸுக்குக் குறையாதது என்பதையும், திறந்த வெளியின் பகலொளி 10,000 லக்ஸைத் தாண்டக்கூடியது என்பதையும் எண்ணினால், கோன் கெஞ்சிக் கேட்ட ஒளி எவ்வளவு சொற்பம் என்பதும், அதுகூட இல்லாத அறைகளில் அன்றைய சிறார் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள் என்பதும் விளங்கும்.

அச்செழுத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிறிய எழுத்தின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று கூறியதோடு, ஒரு சதுர சென்டிமீட்டர் துளையிட்ட அட்டை ஒன்றையும் பரிந்துரைத்தார். புத்தகத்தின் மீது அதை வைத்தால் துளைக்குள் இரண்டு வரிகளுக்கு மேல் தெரியலாகாது. தெரிந்தால் அப்புத்தகம் பள்ளிக்கு ஆகாது. பாடநூல் குழுக்கள் இன்றும் கையாளத்தக்க, காசு செலவில்லாத கருவி இது. குனியாதபடி நெற்றியைத் தாங்கும் வளையங்களை மேசையில் பொருத்தும் யோசனையும் அக்காலத்தில் பரவியது. அது குழந்தைகளை எப்படி வதைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1883-இல் ஜெர்மன் மொழியிலும் 1886-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த பள்ளிக் கண் நலம் பற்றிய நூலில் கோன் வற்புறுத்திய முதன்மையான கோரிக்கை, பள்ளி மருத்துவர் என்னும் புதிய பதவி. மேசையையும் சன்னலையும் அச்சையும் கண்காணித்து, தகாததை மாற்ற ஆணையிடும் அதிகாரம் அம்மருத்துவருக்கு இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். வீஸ்பாடன் நகரம் 1896-இல் பள்ளி மருத்துவர்களை நியமித்த முறை ஜெர்மன் நகரங்களுக்கு முன்மாதிரியானது. ஆனால் அந்த மருத்துவர்களின் பணி பெரும்பாலும் குழந்தைகளைப் பரிசோதிப்பதாகவே அமைந்தது, கட்டடத்தின் மீதான அதிகாரமாக அமையவில்லை. கண் சோதனை எவ்வளவு எளிதாகிவிட்டது என்பதைக் காட்டக் கோன் 1890-களின் இறுதியில் நகர ஆசிரியர்களைக் கொண்டே ஏறத்தாழ 50,000 பிரெஸ்லாச் சிறாரின் பார்வைக் கூர்மையைச் சோதிக்கச் செய்து, 1899-இல் முடிவுகளை வெளியிட்டார். எழுத்தறியாத சிறுவருக்காக ஆங்கில ‘இ’ எழுத்தைப் போன்ற முக்கிளைக் குறி பயன்பட்டது. அதன் கிளைகள் எத்திசை நோக்குகின்றன என்று குழந்தை கையால் காட்டினால் போதும்.

ஆசிரியரே சோதிக்கலாம் என்பது நிரூபணமானதும் சோதனை வேறு பாதையில் சென்றது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1899-இல் ஆசிரியர்கள் மாணவரின் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றி, அட்டைகளைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. மாசசூசெட்ஸ் 1906-இல் பார்வையோடு செவிப்புலனையும் சேர்த்துக்கொண்டது. போயர் போருக்கு ஆள்சேர்த்தபோது இளைஞரின் உடல்நலக் குறைவைக் கண்டு திடுக்கிட்ட இங்கிலாந்து, 1907-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் பள்ளி மருத்துவ ஆய்வை உள்ளூர் நிர்வாகங்களின் கடமையாக்கியது. சட்டங்கள் எல்லாம் குழந்தையைப் பற்றிப் பேசின. சன்னலைப் பற்றிப் பேசியவை அரிது.

கோனின் கருத்தை அதன் எல்லை வரை கொண்டுசென்ற முயற்சி ஒன்று இலண்டனில் நடந்தது. நகரக் கல்வித்துறை மருத்துவர் ஜேம்ஸ் கெர், கண் மருத்துவர் பிஷப் ஹார்மன் ஆகியோரின் முயற்சியால் 1908-இல் கேம்பர்வெல் பகுதியில் கடுமையான கிட்டப்பார்வை உடைய சிறாருக்கெனத் தனி வகுப்பு தொடங்கப்பட்டது. அங்கே புத்தகமும் இல்லை, தாளும் பேனாவும் இல்லை. மாணவர் நின்றபடி, கை நீட்டும் தொலைவில் உள்ள கரும்பலகையில் பெரிய எழுத்துகளில் தோளை அசைத்து எழுதினர். வாய்மொழிப் பாடங்களைப் பக்கத்துப் பள்ளியின் பிற மாணவரோடு சேர்ந்து காதால் கேட்டனர். மிச்ச நேரத்தில் கைத்தொழில் கற்றனர். நீண்டுபோன கண்ணில் விழித்திரை கிழிந்தோ பிரிந்தோ பார்வையே போய்விடலாம் என்ற அச்சம் உண்மையானது. படிப்பை நிறுத்தினால் கண் நீள்வது நிற்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் சான்று போதவில்லை. 1913-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலும் கிளீவ்லாந்திலும் இத்தகைய வகுப்புகள் தோன்றி, பார்வை காப்பு வகுப்புகள் என்ற பெயரில் பெருகின. படிக்கக்கூடிய கண்ணை உடைய பல குழந்தைகள் படிப்பிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்பது இந்த முயற்சியின் மீது வைக்கவேண்டிய குறை. சிறு எழுத்தை அணுகவிடாமல் தடுத்து ஒரு சிறுவனை நூலறிவில்லாதவனாக வளர்ப்பது, கிட்டப்பார்வையைவிடச் சிறிய தீங்கு என்று கொள்வதற்கில்லை.

இதற்கிடையே காற்று மறுபக்கம் வீசத் தொடங்கியிருந்தது. இலண்டனில் கால்டன் பெயரிலமைந்த இனமேம்பாட்டியல் ஆய்வகத்திலிருந்து ஏமி பாரிங்டனும் கார்ல் பியர்சனும் 1909-இல் வெளியிட்ட புள்ளியியல் ஆய்வு, பார்வைக் குறைபாட்டைத் தீர்மானிப்பது பரம்பரையே, பள்ளிச் சூழலின் பங்கு அற்பம் என்றது. பரம்பரையே எல்லாம் என்பதில் முன்கூட்டியே பற்றுக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்திலிருந்து வந்த முடிவு என்பதைக் கருதி அதை எச்சரிக்கையோடு ஏற்றிருக்கவேண்டும். ஆனால் 1913-இல் சூரிக்கின் அடால்ஃப் ஸ்டைகர், கண்ணின் வளைவும் நீளமும் மக்களிடையே இயல்பாகவே பலவாறு அமைகின்றன என்று காட்டியதும், 1960-களில் பிரிட்டனின் ஆர்னால்ட் சார்ஸ்பி இரட்டையரை ஒப்பிட்டு அதே திசையில் எழுதியதும் சேர்ந்து, மேசையையும் சன்னலையும் பற்றிய பேச்சை மருத்துவ நூல்களிலிருந்து ஏறத்தாழ அகற்றிவிட்டன. பரம்பரையாக வருவதைப் பள்ளி என்ன செய்ய முடியும்? கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுக்கலாம். பள்ளிக் கண் சோதனை இன்றைய வடிவத்தைப் பெற்றது இக்காலத்தில்தான். அதற்கு ஒரு நன்மையும் இருந்தது: ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்து மூளை அதைப் புறக்கணிக்கப் பழகிவிடும் சோம்பற்கண் என்னும் நிலை, சிறுவயதிலேயே கண்டறிந்தால்தான் திருத்தக்கூடியது என்பதால், சோதனையைப் பள்ளிப் பருவத்துக்கு முன்னரே நடத்தவேண்டும் என்ற தெளிவு பிறந்தது.

பரம்பரைக் கொள்கையில் முதல் விரிசல் அலாஸ்காவின் வடகோடியில் உள்ள, அன்று பாரோ எனப்பட்ட ஊரில் தோன்றியது. ஃபிரான்சிஸ் யங்கும் உடன் ஆய்வாளர்களும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கல்வி இன்றி வளர்ந்த மூத்த தலைமுறையினருள் கிட்டப்பார்வை மிக அரிதாகவும், பள்ளிக்குச் சென்ற இளைய தலைமுறையினருள் பாதிக்கு மேற்பட்டோரிடமும் காணப்பட்டது. ஒரே குடும்பத்தின் மரபணு ஒரு தலைமுறையில் மாறிவிடாது. தைவான், சிங்கப்பூர், ஹாங்காங், சீனப் பெருநிலம் ஆகியவற்றில் போட்டித் தேர்வுகளை மையமாகக் கொண்ட கல்வி பரவியபோது இதே காட்சி கோடிக்கணக்கானவரின் அளவில் மறுபடி நிகழ்ந்தது.

புதிய விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. சிட்னியில் வாழும் சீன வமிசாவளிச் சிறாரையும் சிங்கப்பூரின் சீனச் சிறாரையும் ஒப்பிட்டு கேத்ரின் ரோஸ், இயான் மார்கன் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு ஏழு வயதில் கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 விழுக்காடாகவும் சிங்கப்பூரில் 29.1 விழுக்காடாகவும் இருந்தது. சிட்னிச் சிறார் படிக்கும் நூல்கள் குறைவானவை அல்ல. ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் கழித்தனர், சிங்கப்பூர்ச் சிறாரோ 3 மணி நேரமே. பகலொளியில் விழித்திரை சுரக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருள் கண்கோளம் நீள்வதைத் தடுக்கிறது என்பது விலங்குச் சோதனைகள் தாங்கிநிற்கும் விளக்கம். குவாங்சோவில் பன்னிரண்டு பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விடப்பட்ட சிறாருள் மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை அடைந்தோர் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் விடப்பட்டோருள் 39.5 விழுக்காடு. கோன் ஒளியைக் கேட்டது குழந்தை குனியாதிருப்பதற்காக. ஒளிக்கே தனி வேலை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. காரணம் பிழையாயினும் அவர் கைநீட்டிக் காட்டிய இடம் சரியானது.

இந்தியாவில் 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் பின்னர் பள்ளிச் சோதனையும் இடம்பெற்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆறு மீட்டர் தொலைவிலிருந்து 6/9 அளவுள்ள குறியைக் காட்டி, காண இயலாதவரைக் கண் பரிசோதகரிடம் அனுப்பும் முறை கனெக்டிகட் வழியின் நேரடித் தொடர்ச்சி. தமிழ்நாட்டில் ‘கண்ணொளி காப்போம்’ என்ற பெயரில் மாணவருக்கு இலவசக் கண்ணாடி வழங்கப்பட்டது. 2002-இல் வெளியான இரு ஆய்வுகளில், அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் 4.1 விழுக்காடாக இருந்த சிறார் கிட்டப்பார்வை, டில்லி நகரப் பகுதியில் 7.4 விழுக்காடாக இருந்தது. இரு ஆய்வுகளின் வயது வரம்பு சற்றே வேறுபட்டாலும், பிரெஸ்லாவின் படிக்கட்டில் முதல் இரண்டு படிகளை அடையாளம் காண இது போதும். கண்ணாடி கொடுப்பது வீண் என்று இதனால் ஆகாது. சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 பள்ளிகளில் நடந்த சோதனை, இலவசக் கண்ணாடி பெற்ற சிறாரின் கணித மதிப்பெண் உயர்ந்ததைக் காட்டியது. ஆனால் மெக்சிகோவின் ஒவாஹாகா பகுதியில் கண்ணாடி பெற்ற சிறாரைச் சில மாதங்கள் கழித்து முன்னறிவிப்பின்றிப் பார்த்தபோது அதை அணிந்திருந்தவர்கள் 13.4 விழுக்காட்டினரே.

தைவான் 2010-இல், நாள்தோறும் 120 நிமிடம் மாணவர் வெளியில் இருக்கவேண்டும் என்னும் இயக்கத்தைப் பள்ளிகளில் தொடங்கியது. 2001-இல் 34.8 விழுக்காடாக இருந்து 2011-இல் 50 விழுக்காட்டைத் தொட்ட தொடக்கப் பள்ளிச் சிறாரின் பார்வைக் குறைவு, 2015-இல் 46.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. இறக்கம் சிறியது, ஆனால் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்த ஒரு கோடு கண்ணாடியால் இறங்கவில்லை, கால அட்டவணையை மாற்றியதால் இறங்கியது. கண் சோதனைக்கு அட்டையோடு வரும் குழு, மாணவரின் பார்வையைக் குறிக்கும் அதே தாளில், அந்தப் பள்ளியில் விளையாட்டு வேளை எத்தனை நிமிடம், அது கணக்குப் பாடத்துக்குக் கைமாறாமல் நடக்கிறதா என்பதையும் குறித்துச் செல்ல வேண்டும்.